மழைக்கு முன்னா, பின்னா? மரத்தரை போட எது சரியான நேரம்

வாசகர் கேள்வி:

புது வீட்டு வேலை முடியும் கட்டத்தில் இருக்கிறது. கீழே ஹாலுக்கு அசல் தேக்குப் பலகைத் தரை, மாடியில் உள்ள 2 படுக்கையறைகளுக்கு லேமினேட் (மரத் தோற்றமுள்ள அழுத்திய பலகை), சமையலறைக்கும் குளியலறைக்கும் டைல்ஸ் என்று முடிவு செய்திருக்கிறோம். தரைக்கு சிமென்ட் ஸ்கிரீட் (காங்கிரீட் மேல் தரையை மட்டமாக்கும் சிமென்ட் கலவை) போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது, சுவர்ப்பூச்சு முடிந்து 3 வாரம். இன்னும் கொஞ்ச நாளில் மழைக்காலம் தொடங்கிவிடும். "பலகையை 3 நாள் வீட்டுக்குள் போட்டு வைத்தால் பழகிவிடும், மழைக்கு முன்னாலேயே முடித்துவிடலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். நல்ல கோடையில்தான் மரம் போட வேண்டும் என்கிறார் என் மைத்துனர். இப்போது இருக்கும் வாடகை வீட்டை 2 மாதத்தில் காலி செய்தாக வேண்டும். யார் சொல்வது சரி? எந்த மாதத்தில் போடலாம்?

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். டைல்ஸ் வேலையை இப்போதே தொடங்குங்கள். மாடி லேமினேட்டுக்கு ஒரு ஈரச் சோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள். ஹாலின் தேக்குத் தரையை மட்டும் மழைக்காலம் முடிந்து சில வாரம் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். ஹால் வெறும் சிமென்ட் தரையாக இருக்கும்போதே நீங்கள் குடிபோகலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

மழை வரப்போகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது, சுவர்ப்பூச்சு முடிந்து 3 வாரம்தான் ஆகிறது என்ற வரி. வெளியே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டுக்குள் இப்போது மழைக்காலம்தான் நடக்கிறது. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணீர் சேர்த்துக் குழைக்கிறார்கள். அதில் பாதி அளவுதான் சிமென்ட்டோடு வேதியியலாகச் சேர்ந்து இறுகும். மீதியில் பெரும்பகுதி மெதுவாகக் காற்றில் கலந்து வெளியேற வேண்டும். பூச்சுக்கும் ஸ்கிரீட்டுக்கும் எத்தனை மூட்டை போனது என்று பில்லைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் பட்டி, பெயின்ட். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இன்னமும் உங்கள் சுவரிலும் தரையிலும்தான் இருக்கிறது. இந்த வீட்டுக்குள் 3 நாள் பலகையைப் போட்டு வைத்தால் அது எதற்குப் பழகும்? அந்த ஈரத்துக்குத்தான்.

மரம் ஈரத்தோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மாதக் கணக்கு தேவைப்படாது. அறுத்துக் காயவைத்துப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். பாலிஷ் போட்டால் இது நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாலிஷ் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக நீடித்தால் மரத்துக்குள் சுமார் 6 சதவீத ஈரம் தங்கும். காற்று 50 சதவீதமானால் மரம் 9, காற்று 65 ஆனால் மரம் 12, காற்று 80 ஆனால் மரம் 16. வெப்பநிலையைப் பொறுத்து இதில் சிறிய வித்தியாசம் வரும், பெரிதாக மாறாது.

ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் விரியும், இறங்கும்போது சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகமிகக் குறைவு, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை, தன் ஈரத்தில் ஒவ்வொரு 1 சதவீதம் மாறும்போதும் அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் மாறும். சிவப்பு ஓக் என்றால் 0.37, அதாவது தேக்கைப் போல இரு மடங்கு. தேக்கைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்று சொல்வதற்கு அதன் அழகை விட இந்த எண்தான் எனக்குப் பெரிய காரணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் வறண்ட காலத்தில் 45 சதவீதத்துக்கும் மழைக்காலத்தில் 75 சதவீதத்துக்கும் இடையே ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் 8 சதவீதத்திலிருந்து 14 வரை போய்த் திரும்பும். 125 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை இதில் கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஒரு பலகைக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றும். 4 மீட்டர் அகல ஹாலில் அத்தனை பலகைகளையும் சேர்த்துப் பாருங்கள், ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் வரும். ஓக் என்றால் 89. ஆணியும் பசையும் இழுத்துப் பிடிப்பதால் அவ்வளவும் வெளியே தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த விசை எங்காவது போயாக வேண்டும். பலகையின் விளிம்பு நசுங்கும், இல்லையென்றால் ஆணி தளரும், அதுவும் இல்லையென்றால் தரை நடுவில் கூடாரம்போல் எழும்பும்.

இந்த ஆட்டத்தின் எந்த முனையில் தரையைப் போடுகிறோம் என்பதுதான் உங்கள் கேள்வியின் உண்மையான உள்ளடக்கம். மைத்துனர் சொல்வதுபோல் உச்சக் கோடையில் போட்டால், பலகை மிகவும் ஒடுங்கிய நிலையில் இருக்கும். அப்போது பலகைகளைச் சந்தே தெரியாமல் இறுக்கி அடிப்பதை நம் தச்சர்கள் ஒரு பெருமையாகவே செய்வார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் அத்தனை பலகையும் விரிய இடம் தேடும். சுவரோரம் இடைவெளி விடாமல், நடுவிலும் எங்கும் மூச்சுவிட இடமில்லாமல் போட்டிருந்தால் தரை எழும்பிவிடும். கோடையில் போடுவது தவறு என்று சொல்லவரவில்லை. போடலாம். ஆனால் சுவரைச் சுற்றி 12 முதல் 15 மில்லிமீட்டர் விட வேண்டும், சில வரிசைக்கு ஒருமுறை மெல்லிய வாஷர் செருகி, ஆணி அடித்த பிறகு அதை உருவிவிட்டு நூலளவு சந்து விட வேண்டும். அகலமான ஹால் என்றால் ஒரு சுவரிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து இரு பக்கமும் போட்டுக்கொண்டு போவது நல்லது, விரிவு இரண்டாகப் பிரியும்.

மழைக்காலத்தில் போட்டால் நேர் எதிர். பலகை விரிந்த நிலையில் இருக்கும், வறண்ட காலம் வந்ததும் சுருங்கிச் சந்து விழும். மேலே சொன்ன கணக்கில் மோசமான நிலையில்கூட ஒரு பலகைக்கு 1.4 மில்லிமீட்டர் சந்துதான். அசிங்கமாக இருக்கும், தூசி சேரும், ஆனால் தரை கெடாது. அடுத்த மழைக்கு மூடிக்கொள்ளும். இரண்டு தவறில் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் நான் சந்து விழுவதைத்தான் தேர்ந்தெடுப்பேன், எழும்பிய தரையைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். அப்படியானால் மழையில் போட ஏன் வேண்டாம் என்கிறேன்? கீழே இருக்கும் ஸ்கிரீட்டுக்காக.

தரைத்தளக் காங்கிரீட்டும் அதன் மேல் உள்ள ஸ்கிரீட்டும் காய்வதற்குப் பழைய ஒரு கைக்கணக்கு உண்டு: நல்ல உலர்ந்த சூழலில் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாதம். 50 மில்லிமீட்டர் ஸ்கிரீட் என்றால் 2 மாதம், அதற்கும் மேல் கனம் என்றால் இன்னும் மெதுவாக. நல்ல உலர்ந்த சூழலில் என்ற சொற்களைக் கவனியுங்கள். காற்று 85 சதவீத ஈரத்தோடு நிற்கும் மழை வாரங்களில் ஸ்கிரீட் ஏறக்குறைய காய்வதே இல்லை, அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. உங்கள் ஸ்கிரீட்டுக்கு ஒன்றரை மாதம், அதிலும் கடைசி 3 வாரத்துக்கு முன்வரை பக்கத்துச் சுவரில் ஈரப்பூச்சு நடந்துகொண்டிருந்தது.

மேலே பார்த்தால் வெள்ளையாகக் காய்ந்த தோற்றம் இருக்கும். அதை நம்பாதீர்கள். ஸ்கிரீட்டின் மேல்தோல் சீக்கிரம் காயும், உள்ளே ஈரம் நிற்கும். அதன் மேல் பலகையைப் போட்டு மூடியதும் உள்ளிருக்கும் ஈரம் மேலேறி முழு கனத்திலும் சமமாகப் பரவும். அப்போது பலகையின் அடிப்பக்கம் ஈரத்தை வாங்கி விரியும், மேல்பக்கம் அறையின் காற்றில் காய்ந்தே இருக்கும். விளைவு, ஒவ்வொரு பலகையின் ஓரங்களும் தூக்கி நடு குழியும். வெறுங்காலோடு நடந்தால் காலுக்கே தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அப்படிக் குழிந்துவிட்டால் பலர் உடனே மெஷின் வைத்துத் தேய்த்து மட்டமாக்கிவிடுகிறார்கள். தூக்கி நிற்கும் ஓரங்களைத்தான் மெஷின் தின்னும். சில மாதத்தில் அடியில் உள்ள ஈரம் வற்றிப் பலகை பழைய நிலைக்கு வரும்போது, ஓரம் தேய்ந்துபோனதால் நடு புடைத்து நிற்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்திவிட்டு, ஒரு முழுப் பருவமாவது காத்திருங்கள். பெரும்பாலான பலகைகள் தாமாகவே கணிசமாக இறங்கிவிடும்.

சரி, ஸ்கிரீட் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று. 45 சென்டிமீட்டர் சதுரமான பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கருத்திருந்தாலோ வேலையைத் தொடங்கவே கூடாது. ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பதால் தரை தயார் என்றும் ஆகாது. இந்தச் சோதனை மேற்பரப்பைத்தான் சொல்லும். தேக்குப் போடும் ஹாலுக்கு நான் இதோடு நிற்க மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் காயும் தரைத்தளத்தில் கனத்தின் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, அதில் சென்சாரை இறக்கி மூடி, 24 மணி நேரம் கழித்துப் படிக்கும் ஒரு முறை இருக்கிறது. உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தால் மரத்தரைக்குப் பொதுவாகப் போதும். ஒட்டும் பசையின் தயாரிப்பாளர் அதைவிடக் கடுமையான அளவைச் சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

கான்ட்ராக்டரிடம் இன்று கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. தரைத்தளக் காங்கிரீட்டுக்கு அடியில், மண்ணுக்கு மேலே, பாலித்தீன் ஷீட் விரித்தார்களா? விரிக்கவில்லை என்றால் நீங்கள் எத்தனை மாதம் காத்தாலும் பிரச்சினை தீராது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண்ணில் ஈரம் ஏறி, காங்கிரீட் வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில், ஸ்கிரீட் ஓரளவு காய்ந்த பிறகு அதன் மேல் ஈரம் தடுக்கும் எப்பாக்ஸி பூச்சு கொடுத்துத்தான் மரம் போட வேண்டும். இதற்கு மழுப்பலான பதில் வந்தால், விரிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த 3 நாள் விஷயம். பலகையை வீட்டுக்குள் வைத்துப் பழக்குவது நல்ல வழக்கம்தான், நாள் கணக்குத்தான் தவறு. முதலாவது, வீடு குடியிருக்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். கதவு ஜன்னல் பொருத்தி, பூச்சு, பெயின்ட், டைல்ஸ் என்று தண்ணீர் தொடும் வேலை எல்லாம் முடிந்து, நீங்கள் வழக்கமாக ஏசியோ ஹீட்டரோ ஓட்டுவீர்கள் என்றால் அதையும் குறைந்தது 5 நாள் அதே அளவில் ஓட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பலகை உள்ளே வரலாம். கட்டைப் பிரித்து, வரிசைக்கு இடையில் மெல்லிய குச்சி வைத்து அடுக்கினால் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். இரண்டாவது, முடிந்ததா இல்லையா என்பதை மீட்டர் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் 3, 4 பலகையை எடுத்து ஈரப்பத மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் இடைவெளியில் மறுபடி பாருங்கள். எண் மாறுவது நின்றால் பழகிவிட்டது. 18 அல்லது 20 மில்லிமீட்டர் கனமுள்ள அசல் மரத்துக்கு இது வாரக்கணக்கில் ஆகலாம். மீட்டரில் மர வகைக்கு ஏற்ற திருத்தம் உண்டு, தேக்குக்கு உரியதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழக்குவதன் இலக்கு எது என்பதையும் சொல்ல வேண்டும், இதைப் பல தொழில்காரர்களே கவனிப்பதில்லை. பலகை 9 சதவீத ஈரத்தோடு நன்றாகக் காய்ந்து வந்திருக்கிறது, உங்கள் வீடு மழையில் 85 சதவீதக் காற்றோடு இருக்கிறது என்றால், உள்ளே வைக்க வைக்க அது 17 சதவீதத்தை நோக்கி ஏறும். பழக்குகிறேன் என்று நல்ல பலகையை நனைத்த கதை. இலக்கு, வருடம் முழுக்க உங்கள் வீடு ஆடும் ஆட்டத்தின் நடுப்புள்ளி. மேலே எடுத்துக்கொண்ட 45 முதல் 75 சதவீதம் வரையிலான வீட்டில் அது மரத்துக்கு ஏறக்குறைய 11 சதவீதம். அந்த அளவில் போட்டால் மழையில் கொஞ்சம் விரியும், கோடையில் கொஞ்சம் சுருங்கும், எந்தப் பக்கமும் எல்லையைத் தொடாது. 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பலகையை மரச்சட்டத்தின் மேலோ பிளைவுட்டின் மேலோ அடிப்பதாக இருந்தால், அடியில் உள்ள மரத்துக்கும் மேலே போடும் பலகைக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பலகையை மட்டும் அளந்துவிட்டுப் பிளைவுட்டை அளக்காமல் விடுபவர்கள் நிறைய.

ஆகவே எந்த மாதம் என்று கேட்டால், மழை நின்று ஸ்கிரீட் காய ஆரம்பித்து, ஹாலின் காற்று வருடத்தின் நடு அளவுக்கு இறங்கும் வாரங்கள். உங்கள் வீட்டில் அது எப்போது வரும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் சொல்லும். இன்றைக்கே ஒன்று வாங்கி ஹாலில், நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். காலையும் இரவும் எண்ணைக் குறித்துவையுங்கள். மழைக்காலத்தின் உச்சம் உங்களுக்குக் கையில் கிடைத்துவிடும், அதுவே பாதி வேலை.

காற்றின் ஈரப்பதம் பற்றி ஒரு சின்ன விஷயம், ஏனென்றால் ஜன்னலைத் திறந்துவிட்டால் காய்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 20 டிகிரி காற்று ஒரு கனமீட்டருக்கு 17 கிராம் நீராவிதான் தாங்கும், 30 டிகிரி காற்று 30 கிராம் தாங்கும். மழை நாளில் வெளிக்காற்றே நிறைந்து நிற்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஈரத்தை உள்ளே அழைக்கிறீர்கள். வெளியே வெயில் அடிக்கும் மதிய நேரங்களில் திறங்கள், மற்ற நேரம் மூடுங்கள். இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. 30 டிகிரி, 80 சதவீத ஈரமுள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பில் பட்டாலும் தண்ணீராகப் படியும். சில நாள் குளிர்ந்த மழைக்குப் பிறகு திடீரென்று புழுக்கம் வந்தால், கனமான தரை இன்னும் சூடாகியிருக்காது, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் தரை வியர்க்கும். அன்றைக்கு ஒட்டும் வேலை எதுவும் வேண்டாம். கடுங்குளிர் உள்ள இடங்களில் கதை தலைகீழ். 0 டிகிரி வெளிக்காற்று உள்ளே வந்து ஹீட்டரில் 21 டிகிரியாகச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் 20 சதவீதம் அளவுக்குச் சரிந்துவிடும். அங்கே மரம் மழையில் படுவதைவிடக் குளிர்காலத்தில்தான் அதிகம் பாடுபடுகிறது.

மாடி அறைகளின் லேமினேட்டுக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை. மாடித் தளம் மேலும் கீழும் இரு பக்கமும் காய்வதால் கீழ்த்தளத்தைவிடச் சீக்கிரம் உலரும், மண்ணிலிருந்து ஈரம் ஏறும் வழியும் இல்லை. பாலித்தீன் சோதனையில் தேறினால், சென்சார் சோதனையையும் ஒரு முறை செய்து பாருங்கள், இங்கே துளையின் ஆழம் கனத்தில் 20 சதவீதம் போதும். அதிலும் தேறினால் மழைக்கு முன்னாலேயே போடலாம். 200 மைக்ரான் பாலித்தீனை ஒன்றன்மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏறும்படி விரித்து டேப் ஒட்டி, அதன் மேல் ஃபோம், அதன் மேல் லேமினேட். பெட்டிகளைப் பிரிக்காமல், படுக்கை வாட்டில், அந்த அறையிலேயே 48 மணி நேரம் வைத்திருந்தால் போதும். லேமினேட்டின் நடுப்பகுதி மர நாரை அழுத்திச் செய்த பலகை. அதற்கு நார் ஓட்டம் ஒரே திசையில் கிடையாது, ஆகவே நீளத்திலும் அகலத்திலும் விரியும். நான்கு சுவரிலும், கதவு நிலையைச் சுற்றியும், குழாயைச் சுற்றியும் 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டே ஆக வேண்டும். அதன் மேல் சுவரோடு பொருத்திய அலமாரியைத் திருகி இறுக்கிவிடாதீர்கள், ஒரு முனையில் பிடித்துவிட்டால் தரை நகர முடியாமல் மறுமுனையில் தூக்கும். அலமாரி முதலில், லேமினேட் அதன் ஓரம் வரை.

டைல்ஸுக்குப் பருவம் பெரிய தடை இல்லை. ஈரமான நாட்களில் ஒட்டும் கலவை மெதுவாக இறுகும், ஆகவே டைல்ஸ் இடுக்குகளில் கிரவுட் கலவை நிரப்ப ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முழுதாகக் காயாமல் அதன் மேல் டைல்ஸ் ஒட்ட அவசரப்படுத்தாதீர்கள். டைல்ஸ் வேலை முழுவதும், கிரவுட்டைக் கழுவுவது உட்பட, மரமும் லேமினேட்டும் வீட்டுக்குள் வருவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

ஹாலுக்கு இவ்வளவு காத்திருப்பது முடியாது என்றால் இன்னொரு வழி, அசல் பலகைக்குப் பதில் அடுக்கு மரம். மேலே தேக்கு, அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள், ஆகவே விரிவு வெகுவாகக் குறையும். ஆனாலும் ஈர ஸ்கிரீட் மேல் அதையும் போட முடியாது, அடுக்குகள் பிரிந்துவிடும். என்னைக் கேட்டால், தேக்கு வாங்கும் அளவுக்கு மனம் வைத்துவிட்ட பிறகு சில மாதத்துக்காக அதை மாற்ற வேண்டாம்.

குடிபோன பிறகு ஹாலில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். வெறும் சிமென்ட் தரை கண்ணை உறுத்துகிறது என்று வினைல் ஷீட் விரித்துவிடாதீர்கள். வினைலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஸ்கிரீட்டின் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும், நீங்கள் காத்திருந்த மாதங்கள் வீண். காற்றுப் புகும் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தை விரட்ட டீஹியூமிடிஃபையர் ஓட்டலாம், ஏசியும் உதவும். அனல் காற்று அடித்து அவசரமாகக் காயவைக்காதீர்கள், ஸ்கிரீட் வெடிக்கும். ஹாலின் ஸ்கர்ட்டிங்கை (சுவரின் அடியோரப் பட்டையை) இப்போது பொருத்த வேண்டாம், பலகைக்கும் சுவருக்கும் விட்ட இடைவெளியை அதுதான் பிற்பாடு மறைக்கப்போகிறது. கதவின் அடிப்பகுதியையும் மரத்தின் கனம் தெரிந்த பிறகு அறுத்துக்கொள்ளலாம். பாலிஷ் போட்டே வரும் பலகை என்றால் பின்னால் வேலை சுலபம். வீட்டில் பாலிஷ் போடுவதாக இருந்தால் அதற்கும் வறண்ட நாட்கள் வேண்டும், தண்ணீரில் கரைந்த வகைப் பாலிஷ் புழுக்கத்தில் லேசில் காயாது.

கான்ட்ராக்டரோடு சண்டை வேண்டாம். ஹால் வேலை தொடங்கும் நாளுக்குப் பதிலாக, ஸ்கிரீட் 75 சதவீதத்துக்குக் கீழும் பலகை நடு அளவுக்கு 1 சதவீதம் முன்பின்னும் வந்த பிறகு தொடங்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட்டுக்கும் இதைச் செய்யுங்கள், உத்தரவாதச் சீட்டில் காற்றின் ஈரப்பத எல்லை எழுதியிருக்கும், அதை மீறிப் போட்டதாகத் தெரிந்தால் பின்னால் புகார் எடுபடாது.

தேக்குப் பலகை ஏற்கெனவே ஆர்டர் போட்டாகிவிட்டது என்றால் முதலில் விற்பவரிடமே மழை முடியும்வரை அவருடைய கிடங்கில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். வந்து இறங்கிவிட்டது என்றால், பலகைக் கட்டுகளையோ பாலித்தீன் சுற்றையோ பிரிக்காமல் மாடியில் காய்ந்த ஓர் அறையில், தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது உயர்த்திக் கட்டைகள் மேல், சுவரில் படாமல் அடுக்கிவைக்கச் சொல்லுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் தார்பாய் போட்டு மூடிவைப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.